விழா அட்டவணையின் கடைசிப் பக்கங்களில் திகில் படம் தேடுவது எப்படி

கோத்தகிரியில் நீர்ப்பனி முடிந்து உறைபனி கொட்டத் தொடங்கும் டிசம்பர் மாதத்தில்தான், மலையில் வாழும் நமக்கு எட்டும் தொலைவில் இரண்டு பெரிய திரைப்பட விழாக்கள் நடக்கின்றன. ஒன்று, 2003 முதல் நடந்துவரும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா. மற்றொன்று, 1996-இல் தொடங்கிய, இப்போது திருவனந்தபுரத்தில் கேரள மாநில சலச்சித்திர அகாதமி நடத்தும் கேரள சர்வதேசத் திரைப்பட விழா. இரண்டின் அட்டவணையும் தடிமனானவை. அவற்றுக்குள் பெயர்பெற்ற நடிகரோ விளம்பரமோ இல்லாமல், சிறு முதலீட்டில் எடுக்கப்பட்ட திகில் படங்களும் மர்மப் படங்களும் நான்கைந்து எப்படியும் ஒளிந்திருக்கும். அவற்றைக் கண்டெடுக்க நான் பல ஆண்டுகளாகக் கையாண்டுவரும் வழியை இங்கே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், ஒரு படத்தைத் தேடுவதற்கு முன்னால் அதைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று தேட வேண்டும்; மற்றவை எல்லாம் அதிலிருந்து கிளைப்பவைதான்.

தேர்வாளருக்கு, அதாவது விழாவுக்கு வந்து சேரும் படங்களிலிருந்து திரையிட வேண்டியவற்றைப் பொறுக்கி எடுப்பவருக்கு, இவ்வளவு இடம் தருவதற்குக் காரணம் உண்டு. சான் டியாகோ நகரில் ஓரன் பெலி தம்முடைய சொந்த வீட்டிலேயே, ஏறத்தாழ 15,000 டாலர் செலவில், ஏழு நாட்களில் ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ என்ற படத்தை எடுத்தார். 2007-இல் ‘ஸ்க்ரீம்ஃபெஸ்ட்’ என்னும் திகில் பட விழாவிலும் 2008-இல் ‘ஸ்லாம்டான்ஸ்’ விழாவிலும் அது திரையிடப்பட்டது. உலகம் முழுவதும் திரையரங்குகளுக்கு அது வந்தது 2009-இல்தான். அந்த இரண்டு ஆண்டு இடைவெளியில் அந்தப் படத்துக்கு முதலில் கிடைத்த ஆதரவெல்லாம், வந்து குவிந்த படங்களுக்கு நடுவே இதை எடுத்து வைத்த சில தேர்வாளர்களும், அவர்களை நம்பி உட்கார்ந்த சில நூறு பார்வையாளர்களும்தான். நட்சத்திரம் இல்லாத படத்துக்கு முதல் ரசிகர் தேர்வாளரே. அவருடைய ரசனை உங்களுக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்த ஆண்டு நீங்கள் பாதி அட்டவணையைப் படிக்கவே வேண்டியதில்லை.

இதற்கான பயிற்சியை ஜூலை மாதத்திலேயே தொடங்குங்கள். தென்மேற்குப் பருவமழையில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாட்கள் இதற்குப் பொருத்தமானவை. திகில், மர்மம், மிகுபுனைவு (ஃபேன்டசி) ஆகிய வகைகளுக்கென்றே நடக்கும் விழாக்கள் உலகில் பல உள்ளன. 1997-இல் தொடங்கிய, தென்கொரியாவின் புச்சியோன் நகர விழா இப்போது ஜூலையில் நடக்கிறது. கனடாவின் மான்ட்ரியலில் 1996-இல் தொடங்கிய ‘ஃபான்டேசியா’ ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலும், லண்டனின் ‘ஃப்ரைட்ஃபெஸ்ட்’ ஆகஸ்டிலும், டெக்சாஸின் ஆஸ்டினில் 2005 முதல் நடக்கும் ‘ஃபென்டாஸ்டிக் ஃபெஸ்ட்’ செப்டம்பரிலும், இவற்றுக்கெல்லாம் மூத்ததான, ஸ்பெயினின் கட்டலோனியா பகுதியில் 1968 முதல் நடந்துவரும் ‘சிட்ஜஸ்’ விழா அக்டோபரிலும் வருகின்றன. நாம் அங்கெல்லாம் போகப் போவதில்லை. ஆனால் அவர்களுடைய முழுப் படப்பட்டியல் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. ஃபான்டேசியாவின் பட்டியலில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: படத்தைப் பற்றிய குறிப்பின் அடியில் அதை எழுதிய தேர்வாளரின் பெயர் இருக்கும். டொரன்டோ விழாவிலும் அப்படித்தான். டொரன்டோவில் 1988 முதல் நடக்கும் ‘மிட்நைட் மேட்னஸ்’ என்ற நள்ளிரவுப் பிரிவைப் பல ஆண்டுகள் காலின் கெடஸ் தேர்ந்தெடுத்தார். 2017 முதல் பீட்டர் குப்லோவ்ஸ்கி தேர்ந்தெடுத்து வருகிறார். இருவருடைய பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே பிரிவு, ஒரே நள்ளிரவு. ஆனால் ஆள் மாறியதும் அச்சத்தின் நிறம் மாறுவது தெரியும். உங்களுக்கு யாருடைய நிறம் பிடிக்கிறதோ அவருடைய பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் இதற்கென்று நாற்பது பக்க நோட்டு ஒன்றை வைத்திருக்கிறேன். இடப்பக்கத்தில் படத்தின் பெயர், நாடு, ஓடும் நேரம். வலப்பக்கத்தில் எந்த விழா, எந்தப் பிரிவு, குறிப்பு எழுதியவர் யார். அக்டோபர் கடைசிக்குள் அறுபது, எழுபது வரிகள் சேர்ந்துவிடும். நவம்பர் முதல் நம் ஊர் விழாக்களின் பட்டியல்கள் வரத் தொடங்கியதும் இந்த நோட்டோடு ஒத்துப் பார்ப்பேன். மூன்று விழாக்களில் மூன்று வேறு தேர்வாளர்கள் எடுத்த ஒரு படம் இங்கும் வந்திருந்தால் அதற்கே முதல் இடம்.

அடுத்தது, நம் ஊர் அட்டவணையைப் படிக்கும் முறை. இதில்தான் பலரும் வழி தவறுகிறார்கள். இந்திய விழாக்களில் ‘திகில்’ என்று தனிப் பலகை மாட்டி வைப்பது மிகவும் அரிது. கோவாவில் நடக்கும் இந்திய சர்வதேசத் திரைப்பட விழா 2022-இல் அப்படி ஒரு தனித் தொகுப்பை வைத்தது. கேரள விழா அதே ஆண்டில் நிஷாகந்தி திறந்தவெளி அரங்கில் ஓர் இந்தோனேசியப் பேய்ப்படத்தை நள்ளிரவில் திரையிட்டது. மும்பையில் ‘வென்ச்’ என்ற விழா திகில், அறிவியல் புனைவு, மிகுபுனைவு ஆகியவற்றுக்கென்றே நடத்தப்படுகிறது. இவற்றை விட்டால், திகில் படங்கள் ‘உலக சினிமா’, ‘முதல் பட இயக்குநர்கள்’, ‘போட்டிப் பிரிவு’ என்ற பொதுப் பெயர்களுக்குள் கலந்துதான் கிடக்கும். கேரள விழாவின் போட்டிப் பிரிவு ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கானது என்பதால், சிறு முதலீட்டுத் திகிலைத் தேடுபவர் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

கதைச் சுருக்கத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். ‘எஸ் துர்கா’ என்ற மலையாளப் படத்தின் சுருக்கத்தை எழுதினால், இரவில் ஊரை விட்டுக் கிளம்பும் ஓர் இளம் இணை, முன்பின் தெரியாதவர்களின் வண்டியில் ஏறுகிறது என்ற ஒரு வரிதான் வரும். சனல்குமார் சசிதரன் இயக்கிய அந்தப் படம் 2017-இல் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருதைப் பெற்றது. எந்தப் பட்டியலும் அதைத் திகில் படம் என்று குறிப்பதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பேயே இல்லாமல் ஒரு வண்டிக்குள் எவ்வளவு அச்சத்தை அடைத்து வைக்க முடியும் என்று. பாஸ்கர் ஹசாரிகா இயக்கிய ‘ஆமிஸ்’ என்ற அசாமியப் படமும், 2019-இல் டிரைபெகா விழாவில் திரையிடப்பட்டபோது, சுருக்கத்தில் ஒரு காதல் கதைபோலத்தான் தோன்றியிருக்கும். வகையின் பெயர் அட்டவணை அச்சிடுபவரின் வசதிக்காக ஏற்பட்டது. படம் அதற்குக் கட்டுப்பட்டதில்லை.

அப்படியானால் எதைப் படிப்பது? நான் படிப்பது பெயர்ப்பட்டியலை. இயக்குநர், கதாசிரியர், படத்தொகுப்பாளர் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே பெயர் இருந்தால், அது பெரும்பாலும் கையிருப்புக் காசில் எடுக்கப்பட்ட படம். நடிகர் பட்டியலில் மூன்று, நான்கு பெயர்களே இருந்து, ஓடும் நேரம் 75 முதல் 95 நிமிடங்களுக்குள் அடங்கினால், ஒரு வீட்டையோ ஒரு சாலையையோ விட்டு நகராத படமாக இருக்கக்கூடும். முதல் படம் என்ற குறிப்பு இருந்தால் எனக்கு ஆர்வம் கூடும். இவை எல்லாவற்றையும்விட, அவ்வளவு சிறிய படத்தில் ஒலி வடிவமைப்பாளருக்கென்று தனிப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன். காசில்லாத இயக்குநர் ஒருவர் ஒலிக்கென்று ஓர் ஆளைத் தேடிப் பிடித்திருக்கிறார் என்றால், அச்சம் எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது படம் அல்ல, எங்கள் ஊர்ப் பாதை. கோவையில் ஒரு திரையிடலைப் பார்த்துவிட்டு, மேட்டுப்பாளையத்தில் கடைசிப் பேருந்தைப் பிடித்து வந்து, கோத்தகிரி பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். மூடுபனி தெருவிளக்குக்குக் கீழேயே தொங்கிக்கொண்டிருந்தது. விளக்கைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம், அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. பாதைக்கு இடப்புறம் தேயிலைத் தோட்டம். அதற்குள்ளிருந்து ஒரு செடி முறியும் ஓசை வந்தது. நின்றேன். ஓசையும் நின்றது. சற்று நேரம் கழித்து, மூக்கால் உறிஞ்சி மூச்சை வெளியே தள்ளுவதுபோல் ஒரு சத்தம், முன்பைவிட அருகில். கரடி என்பது எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் கரடி வராத தெரு குறைவு. நான் அதைக் கடைசிவரை பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த இரவு இவ்வளவு நினைவில் நின்றிருக்காது. சிறு முதலீட்டுத் திகில் படங்களில் மிகச் சிறந்தவை அந்தத் தேயிலைச் செடியை மட்டும் முறித்துக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்பவை. கரடியைக் காட்ட அவர்களிடம் காசும் இல்லை, அது தேவையும் இல்லை.

முன்னோட்டக் காட்சியைப் பார்க்காமல் இருப்பது நல்லது என்று சொல்வதும் இதனால்தான். முன்னோட்டம் வெட்டுபவர் படத்தின் ஒரே கரடியை அதில் காட்டிவிடுவார். ஓர் ஆண்டு முழுக்க முன்னோட்டங்களை மட்டும் பார்த்தே ஐந்து படங்களைத் தேர்ந்தெடுத்துச் சென்னைக்குப் போய், ஐந்திலும் முன்னோட்டத்தைத் தாண்டி ஒன்றும் இல்லாமல் திரும்பியிருக்கிறேன். அதே விழாவில் பக்கத்து அரங்கில் ஓடிய ஒரு சிறிய படத்தைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்துக்கு முன்னோட்டமே இல்லை என்பதால் நான் அதைக் கணக்கில் எடுத்திருக்கவில்லை. இன்றுவரை அதைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

குறும்படத் தொகுப்புகளைத் தவறவிடாதீர்கள். நாளைய திகில் இயக்குநர்கள் இன்று அங்கேதான் இருக்கிறார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த டேவிட் சாண்ட்பெர்க், 2013-இல் தம் மனைவி லோட்டா லோஸ்டனை நடிக்க வைத்து, தங்கள் குடியிருப்பிலேயே மூன்று நிமிடத்துக்கும் குறைவான ‘லைட்ஸ் அவுட்’ என்ற படத்தை ஒரு குறும்படப் போட்டிக்காக எடுத்தார். விளக்குப் பொத்தானை அழுத்துவதும் அணைப்பதும்தான் அதன் முழு உத்தி. 2016-இல் அதே பெயரில் அது முழுநீளப் படமானது. தொகுப்பில் பிடித்த ஒரு குறும்படம் அகப்பட்டால், இயக்குநர் பெயரோடு ஒளிப்பதிவாளர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து அந்தப் பெயர்களில் ஒன்று ஏதோ ஓர் அட்டவணையின் கடைசிப் பக்கத்தில் தென்படும்போது உங்களுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி தனி.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகு பொறுமை வேண்டும். ஷினிச்சிரோ உவேதா இயக்கிய ‘ஒன் கட் ஆஃப் தி டெட்’ என்ற ஜப்பானியப் படம் ஏறத்தாழ 30 இலட்சம் யென் செலவில், பெயர் தெரியாத நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்டது. அதன் முதல் 37 நிமிடங்கள் வெட்டே இல்லாத ஒரே காட்சி. அதில் நடிப்பு தடுமாறும், கேமரா தள்ளாடும், சில இடங்களில் எதற்கென்று தெரியாத மௌனம் விழும். அந்த 37 நிமிடங்களுக்குள் எழுந்து போனவர்கள் எதை இழந்தார்கள் என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. 2018-இல் இத்தாலியின் உதினே நகர விழாவில் பார்வையாளர் வாக்கில் இரண்டாம் இடம் பெற்ற பிறகுதான் அது ஜப்பானிலேயே பெரிய அளவில் வெளியானது. விழாவில் ஒரே நேரத்தில் பல அரங்குகளில் படம் ஓடுவதால், பிடிக்கவில்லை என்றால் எழுந்து அடுத்த அரங்குக்கு ஓடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. திகில் படத்தில் மட்டும் அந்தப் பழக்கத்தைத் தள்ளி வையுங்கள். பாதி நேரமாவது கொடுங்கள்.

இனி மலையிலிருந்து இறங்குவது பற்றி. சென்னைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் போதும். திருவனந்தபுரத்துக்குக் கோவையில் ரயில் ஏறலாம். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தவர்கள் நாடுகாணி வழியே கேரளத்துக்குள் இறங்கிவிடலாம். கொடைக்கானல்காரர்களுக்குக் கொடை ரோடு நிலையம் இருக்கிறது. எதுவானாலும் முதல் காட்சிக்கு முந்தைய நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். மழைக்காலத்து மரம் ஒன்று மலைப்பாதையில் விழுந்தால் உங்கள் திட்டம் முழுவதும் அங்கேயே நின்றுவிடும்.

டெலிகேட் பாஸ் எனப்படும் நுழைவு அட்டைக்கு விழாவுக்குச் சில வாரங்கள் முன்பே இணையத்தில் பதிவு தொடங்கும். கேரள விழாவில் மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு. அங்கே ஒவ்வொரு நாள் காட்சிக்கும் முந்தைய நாள் காலையில் இருக்கை முன்பதிவு திறக்கும், பேசப்படும் படங்கள் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். ஒருமுறை கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் முன்பதிவு செய்யப் பார்த்து, கைபேசியில் சிக்னல் போய்வந்துகொண்டிருந்ததால், மேட்டுப்பாளையம் வருவதற்குள் அன்றைய இருக்கைகளை எல்லாம் இழந்தேன். முதல் நாள் முன்பதிவை ஊரில் நல்ல இணைப்பு உள்ள இடத்தில் முடித்துக்கொள்ளுங்கள், அல்லது கீழே இருக்கும் நண்பரிடம் ஒப்படையுங்கள். விழாக்களில் திரையிடப்படும் படங்களுக்குப் பொதுவாகத் தணிக்கைச் சான்றிலிருந்து விலக்கு தரப்படுகிறது. அப்படி விலக்கு பெற்றவை எதுவும் வெட்டப்படாமல் வரும். அதனால் 18 வயது நிரம்பாதவர்களை அழைத்துச் செல்ல முடியாது. நீங்களும் வன்முறை குறித்த எச்சரிக்கைக் குறிப்புகளைப் படித்துவிட்டுப் போவது நல்லது. ஒரு நாளைக்கு மூன்று படங்களுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. திகில் படத்தைக் கடைசிக் காட்சியாக வைத்துக்கொண்டால், அதன் பிறகு வேறு படம் வந்து அதை அழித்துவிடாது.

வரிசையில் நிற்கும் நேரத்தைக் கைபேசியில் கழிக்காதீர்கள். விழாவின் உண்மையான அட்டவணை அங்கேதான் திருத்தப்படுகிறது. திருவனந்தபுரத்தில் டாகூர் அரங்குக்கு முன் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற வயதான ஒருவர் தம் அட்டவணைப் புத்தகத்தில் பென்சிலால் சிறு புள்ளிகள் வைத்திருந்தார். ஒரு புள்ளி என்றால் பார்த்தது, இரண்டு என்றால் பிறருக்குச் சொல்ல வேண்டியது, மூன்று புள்ளி வைத்தது ஒன்றே ஒன்று. “இது எந்தப் படம், சார்?” என்று கேட்டேன். கதையை அவர் சொல்லவில்லை. “கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள், அப்போதும் பயமாக இருக்கும்” என்று மட்டும் சொன்னார். மறுநாள் மறு திரையிடலுக்குப் போனேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. “நேற்று எதைப் பார்த்தீர்கள்?” என்ற ஒரு கேள்வியை வரிசையில் மூன்று பேரிடம் கேட்டால், விமர்சனங்கள் வருவதற்கு முன்பே உங்களுக்கு அடுத்த நாளின் திட்டம் கிடைத்துவிடும்.

விழா இல்லாத மாதங்களில் கண்ணையும் காதையும் பழக்க, சட்டப்படி யாரும் காசில்லாமல் பார்க்கக்கூடிய இரண்டு பழைய படங்களைச் சொல்வேன். ஹெர்க் ஹார்வி 1962-இல் எடுத்த ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’, ஜார்ஜ் ரொமேரோ 1968-இல் எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. இரண்டாவதில் படத்தின் பெயரை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப் போனதால் அது யாருக்கும் பதிப்புரிமை இல்லாத பொதுச் சொத்தானது. முதல் படத்தின் அச்சம் முழுவதும், யூட்டா மாநிலத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த சால்ட்டேர் என்ற கேளிக்கைக் கூடத்தைச் சுற்றியே கட்டப்பட்டது. அதைப் பார்த்துவிட்டு குன்னூர்ப் பக்கம் மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளைக் கடந்து போனால், அவற்றைப் பார்க்கும் பார்வையே மாறியிருக்கும். காதில் நல்ல ஹெட்போன், விளக்கணைத்த அறை, இவ்வளவு போதும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: விழாவில் பார்த்த சிறு படத்தின் திருட்டுப் பிரதியைத் தேடாதீர்கள், கிடைத்தாலும் பகிராதீர்கள். பெரிய படம் அதைத் தாங்கிக்கொள்ளும். பத்துப் பேர் கடன் வாங்கி எடுத்த படத்துக்கு, அதை வாங்க வரும் நிறுவனம் பின்வாங்க ஒரு கசிவே போதும். விழாவுக்கும் ஓடிடி தளத்துக்கும் நடுவே ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டுகளோ ஆகலாம். கரண் தேஜ்பால் இயக்கிய ‘ஸ்டோலன்’ 2023-இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டு, 2025-இல்தான் இணையத்தில் வந்தது. இயக்குநரின் பெயரை நோட்டில் வைத்துக் காத்திருங்கள்.

நம் மலைக்கே இப்படங்களைக் கொண்டுவர முடியாதா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. முடியும் என்று நம்புகிறேன். தரம்சாலாவில், நம்மைப்போலவே ஒரு மலையூரில், 2012 முதல் சுயாதீனப் படங்களுக்கென்று ஒரு விழா நடந்துகொண்டிருக்கிறது. உதகையில் அசெம்பிளி ரூம்ஸ் என்ற பழைய திரையரங்கு இருக்கிறது. ‘இந்து’ என்ற பெயரில் படச்சுருள் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இயங்கியதும் இதே ஊரில்தான். தொடங்குவதற்கு ஓர் அறை, ஒரு புரொஜெக்டர், நல்ல இரண்டு ஒலிபெருக்கிகள், இருபது நாற்காலிகள் வேண்டும். கூடவே, விழாவில் படத்தை முடித்து வெளியே வரும்போது கதவோரம் தனியாக நின்றுகொண்டிருக்கும் இயக்குநரிடம் போய்ப் பேசிய பழக்கமும் வேண்டும். சிறு படத்தின் இயக்குநரைச் சுற்றிக் கூட்டம் இருக்காது. எந்தக் காட்சியில் உங்களுக்கு மூச்சு நின்றது என்பதைச் சொல்லுங்கள், அந்த ஒலியை எப்படிப் பதிவு செய்தார் என்று கேளுங்கள், எங்கள் ஊரில் இருபது பேருக்கு இதைக் காட்ட அனுமதி தருவீர்களா என்று கேட்டு முகவரியை வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்ட நான்கு பேரில் மூவர் உடனே சம்மதித்தார்கள். அவர்களில் ஒருவர், மூடுபனி இருக்கும் மாதம் எது என்று சொன்னால் தாமே நேரில் வருவதாகவும் சொல்லியிருக்கிறார்.